பத்துக் கட்டமும் ஒரு மாவு மில்லும்

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்கிற தோழர்களே, தோழிகளே... உங்க டைம் டேபிளை எடுத்து 'பி.டி.'னு போட்டிருக்கிற கட்டத்தைப் பாருங்க. அந்த பீரியட்ல கடைசியா எப்போ கிரவுண்டுக்குப் போனீங்க? "போர்ஷன் முடியலை, இந்த பீரியடை நான் வாங்கிட்டேன்"னு கெமிஸ்ட்ரி சார் வந்து நின்னிருப்பார். அடுத்த வாரம் மேத்ஸ் டீச்சர். அதுக்கடுத்த வாரம் ரெண்டு பேருக்கும் யார் வாங்குறதுன்னு வராண்டாவில் பேச்சுவார்த்தை! நான் படித்த பள்ளியில், ப்ளஸ் டூ முழுக்க பி.டி. மாஸ்டரை நாங்கள் பார்த்தது சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் விசில் ஊதும்போது மட்டும்தான்.

இப்படி வளர்ந்த ஒரு பையனிடம் போய், "படிப்பைத் தவிர நீ வேறு என்னவெல்லாம் செய்திருக்கிறாய்? பத்து விஷயம் சொல்" என்று யாராவது கேட்டால் எப்படி இருக்கும்? என் தம்பியிடம் கேட்டார்கள். 2023 ஆகஸ்ட்டில், அறந்தாங்கியில், எங்கள் மாவு மில்லின் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனிடம், ஒரு லேப்டாப் திரை கேட்டது.

விஷயம் இதுதான். அமெரிக்கக் கல்லூரிகளில் முழு உதவித்தொகையோடு சேர்ந்த யாரோ ஒரு கிராமத்துப் பெண்ணைப் பற்றி பேப்பரில் படித்துவிட்டு, "நானும் போட்டுப் பார்க்கட்டுமாக்கா?" என்றான். அரசுப் பள்ளி மாணவன். ஃபிசிக்ஸ் என்றால் உயிர். அப்பாவின் வருமானத்துக்கு அங்கே ஒரு செமஸ்டர் ஹாஸ்டல் சாப்பாட்டுக்குக்கூட காணாது. ஆனால் ஹார்வர்ட், எம்.ஐ.டி., யேல், பிரின்ஸ்டன், ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில், வெளிநாட்டு மாணவனாக இருந்தாலும் 'உன்னால் பணம் கட்ட முடியுமா' என்பதைப் பார்க்காமல்தான் தேர்வு செய்கிறார்கள். எடுத்துவிட்டால், குடும்ப வருமானத்துக்கு மேல் எவ்வளவு தேவையோ அவ்வளவையும் அவர்களே தருகிறார்கள். மற்ற இடங்களில் நீங்கள் உதவி கேட்கிறீர்கள் என்பதே உங்களுக்கு மைனஸ் பாயின்ட் ஆகலாம். சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று ஆரம்பித்தோம். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், வார இறுதிகளில் ராத்திரி பஸ் ஏறி ஊருக்கு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

'காமன் ஆப்' என்று ஒரு பொது விண்ணப்பம் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு இந்த ஒரே படிவம் போதும். (எம்.ஐ.டி. மட்டும் தனி ரூட்.) மார்க், பெற்றோர் விவரம், 650 வார்த்தைக்கு மிகாமல் ஒரு கட்டுரை... இதெல்லாம் கூட பரவாயில்லை. நடுவில் வருகிறது 'ஆக்டிவிட்டீஸ்' பகுதி. மொத்தம் பத்துக் கட்டம். ஒவ்வொன்றிலும் நீங்கள் செய்த ஒரு காரியம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை வாரம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து எந்தெந்த வகுப்பில்... எல்லாவற்றுக்கும் கணக்கு. விளக்கம் எழுத 150 எழுத்து. வார்த்தை இல்லை பாஸ், எழுத்து! இடைவெளியும் கமாவும் அதில் சேர்த்தி. முக்கியமானதை முதலில் போட வேண்டும்.

தம்பி ரொம்ப நேரம் கர்சர் மினுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "கலைத் திருவிழா நாடகம் போடலாமாக்கா?" என்றான். 2022லிருந்து அரசுப் பள்ளிகளில் நடக்கிறதே, அந்தக் கலைத் திருவிழா. அதில் வட்டார அளவில் இரண்டாம் பரிசு. போட்டோம். ஊர் கபடி டீம், போட்டோம். தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கணக்குச் சொல்லித் தருகிறான், போட்டோம். அதோடு தீர்ந்தது சரக்கு. ஏழு கட்டம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது.

இங்கேதான் சென்னையில் ஒரு கன்சல்டன்சி நுழைந்தது. பெயர் வேண்டாம். ஏ.சி. ரூம், சுவர் முழுக்கச் சிரிக்கும் பிள்ளைகளின் போட்டோ. அப்பாவும் வந்திருந்தார், வேட்டி சட்டையோடு. டை கட்டிய ஒருவர் தம்பியின் பட்டியலைப் பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "சார், மார்க் ஓ.கே. ப்ரொஃபைல்தான் வீக். நாங்க பில்ட் பண்ணிக்கலாம்." எப்படி பில்ட் பண்ணுவார்களாம்? தம்பி பெயரில் ஒரு தொண்டு அமைப்பு, அதற்கு ஒரு வெப்சைட், கிராமத்துப் பெண்களோடு நாலு போட்டோ. ஒரு பேராசிரியரைப் பிடித்து அவர் பெயரோடு இவன் பெயரையும் போட்டு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை. எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம். தவணையிலும் கட்டலாம்.

"சாயங்காலம் எல்லாம் என்ன பண்றே தம்பி?" என்று அவர் பேச்சுவாக்கில் கேட்டார்.

"மில்லுல இருப்பேன் சார்."

"அதை எழுத வேணாம். அது ஆக்டிவிட்டி இல்லை."

அப்பா ஒன்றும் பேசவில்லை. கீழே வந்து டீ குடிக்கும்போது, "அப்ப நம்ம புள்ள தினமும் நாலு மணி நேரம் என்னதான் பண்ணுது?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

என்ன பண்ணுகிறான் என்று நான் உங்களுக்குச் சொல்கிறேன். மாவு மில் என்றால் பாத்திரத்தைக் கொட்டினால் மாவு வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அரிசிக்கு ஒரு மிஷின், கோதுமைக்கு ஒன்று, மிளகாய் மல்லிக்குத் தனி. மாற்றிக் கொட்டினால் அந்த வீட்டுக் குழந்தை இடியாப்பம் சாப்பிட்டுக் கண்ணீர் விடும். யாருடைய தூக்குவாளி எது, யாருக்கு நைஸாக, யாருக்குக் குருணையாக என்பது தலையில் இருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் முறுக்கு மாவுக்கும் அதிரச மாவுக்கும் வாசல் வரைக்கும் வரிசை நிற்கும். ஈர அரிசியைக் கையில் பிடித்துப் பார்த்தே "இன்னும் பத்து நிமிஷம் உலரட்டும் அத்தை"னு திருப்பி அனுப்பத் தெரியணும். மிளகாய் அரைக்கிற நாளில் தும்மல் கச்சேரி வேறு. சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் இதுதான் அவன் உலகம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து.

இதற்கு நடுவில் அவன் ஒரு வேலை செய்திருந்தான். யாரும் சொல்லவில்லை, சும்மா ஆர்வத்தில். மிளகாய் மிஷினில் கல் மழுங்கிவிட்டால் ஆள் வைத்துக் கொத்துவோம். எப்போது கொத்துவது என்பது அப்பாவின் காதுக்குத்தான் தெரியும், சத்தம் மாறிடுச்சும்பார். தம்பி ஒரு நோட்டு போட்டான். பெரிய மூட்டை மிளகாய் வரும்போதெல்லாம், அரைக்கும் முன்னும் பின்னும் கரன்ட் மீட்டரைப் பார்த்து எழுதினான். எத்தனை கிலோ, எத்தனை யூனிட். எட்டு மாதம் எழுதிய பிறகு பார்த்தால், கல் மழுங்க மழுங்க ஒரு கிலோவுக்கு ஆகிற கரன்ட் ஏறிக்கொண்டே போகிறது. அப்பாவின் காது கண்டுபிடிப்பதற்கு மூன்று வாரம் முன்னாலேயே அவன் நோட்டு கண்டுபிடித்துவிடுகிறது! அதன்படி கல் கொத்த ஆரம்பித்ததில், இரண்டு மாத பில்லில் அறுநூறு ரூபாய் போல மிச்சம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அதை இவனுக்கு யாரும் 'பில்ட்' பண்ணித் தரவில்லை.

அந்த நோட்டு ஆக்டிவிட்டி இல்லை என்றால் எதுதான் ஆக்டிவிட்டி என்ற கோபத்தில் நான் தேட ஆரம்பித்தேன். பதில் அந்தப் படிவத்திலேயே இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே 'இது எந்த வகை' என்று தேர்ந்தெடுக்க ஒரு நீளமான பட்டியல் வரும். நடனம், விளையாட்டு, ரோபாட்டிக்ஸ் என்று போகிற அந்தப் பட்டியலில் 'சம்பளத்துக்குச் செய்யும் வேலை' என்று ஒன்று. 'குடும்பப் பொறுப்பு' என்றும் ஒன்று! தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது, பாட்டிக்கு மருந்து கொடுப்பது, கடையில் நிற்பது எல்லாமே கணக்கில் வரும். 2016 ஜனவரியில் ஹார்வர்ட் கல்வியியல் கல்லூரியிலிருந்து 'டர்னிங் தி டைட்' என்று ஓர் அறிக்கை வந்தது. பட்டியலை நீட்டாதீர்கள், உருப்படியாக இரண்டு மூன்று இருந்தாலே போதும்; குடும்பத்துக்காக உழைப்பதையும் சேவையாகவே மதிக்க வேண்டும் என்று கல்லூரிகளுக்குச் சொன்ன அறிக்கை அது. எம்.ஐ.டி.யின் தனி விண்ணப்பத்தில் நாலே நாலு ஆக்டிவிட்டிக்குத்தான் இடம். மூன்றரை லட்சம் கேட்டவர் இதையெல்லாம் சொல்லவே இல்லை பாருங்கள்.

முதல் கட்டத்தில் மில். முதலில் எழுதியபோது 412 எழுத்து வந்தது. ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் வெட்டினோம். 'கடினமாக உழைத்தேன்', 'நிறையக் கற்றுக்கொண்டேன்' எல்லாம் முதலில் போனது. எண்களை மட்டும் தொடவில்லை. வாரம் 24 மணி நேரம், மூன்று மிஷின், எட்டு மாத மீட்டர் கணக்கு, குறைந்த பில். 149 எழுத்தில் நின்றது. இரண்டாவது கட்டத்தில் பாட்டி. அவருடைய சுகர் மாத்திரை, ஆஸ்பத்திரி நாள், பக்கத்து வீட்டு ஆயாக்களுக்கு ரேஷன் எஸ்.எம்.எஸ். படித்துச் சொல்வது. மூன்றாவதாக, பள்ளி ஃபிசிக்ஸ் லேபில் பழுதான மீட்டர்களைப் பிரித்து சரிபார்த்தது. அப்புறம் கணக்கு வகுப்பு, கபடி, நாடகம். ஆறு ஆச்சு. நாலு கட்டம் காலி.

"காலியா விட்டா சோம்பேறினு நெனைச்சுக்குவாங்களாக்கா?"

"இல்லாததைப் போட்டு, யாராவது ஸ்கூலுக்கு போன் பண்ணிக் கேட்டா என்னடா சொல்லுவே?"

காலியாகவே விட்டோம்.

சிபாரிசுக் கடிதம் ஒரு தனி காமெடி. பள்ளியிலிருந்து ஒரு கடிதமும் இரண்டு ஆசிரியர்களின் கடிதமும் வேண்டும். ஹெச்.எம். நல்ல மனுஷர். மறுநாளே கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து நீட்டினார். பார்த்தால் நன்னடத்தைச் சான்றிதழ்! 'இம்மாணவரின் நடத்தை நன்று.' அவ்வளவுதான். பாவம், அவர் சர்வீஸில் அதற்கு மேல் யாரும் எழுதச் சொன்னதில்லை. கெமிஸ்ட்ரி டீச்சர்தான் (ஆமாம், பி.டி. பீரியடை வாங்கியவரேதான்) இரண்டு பக்கத்துக்கு உட்கார்ந்து எழுதினார். அவன் லேபில் என்ன கேள்வி கேட்பான் என்பதெல்லாம் அதில் இருந்தது. அந்த டீச்சருக்கு நான் இன்னும் ஒரு புடவை பாக்கி.

இவ்வளவு சொல்லிவிட்டு, இந்த அமெரிக்க முறையைத் தலையில் தூக்கிவைத்து ஆடப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். அதன் ஜாதகத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1920களில் ஹார்வர்டில் பரீட்சை மார்க்கை வைத்தே எடுத்ததில், முதலாண்டு மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் யூத வீட்டுப் பிள்ளைகளாக இருந்தார்கள். அன்றைய தலைவர் லோவெலுக்கு அது பொறுக்கவில்லை. 1922ல் நேரடியாக 'இத்தனை சதவிகிதம்தான்' என்று வைக்கப் பார்த்தார், எதிர்ப்பு வந்தது. 1926ல் 'குணம், ஆளுமை' என்று அளக்க முடியாத அளவுகோல்களை உள்ளே கொண்டுவந்தார்கள். போட்டோ ஒட்டு, குடும்பத்தைப் பற்றி எழுது... யாரை எடுக்கலாம் என்பது அவர்கள் கைக்குப் போய்விட்டது. 'முழு மனிதனைப் பார்க்கிறோம்' என்கிற இன்றைய பேச்சுக்குக் கொள்ளுத்தாத்தா இதுதான்.

சமீபத்துக் கதை இன்னும் மோசம். 2019 மார்ச்சில் எஃப்.பி.ஐ. பிடித்ததே ஒரு கூட்டம், ஞாபகம் இருக்கிறதா? ரிக் சிங்கர் என்கிற கன்சல்டன்ட், பணக்கார வீட்டுப் பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாக ஜோடித்து, கோச்சுகளுக்குப் பணம் கொடுத்து, பெரிய பல்கலைக்கழகங்களுக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார். போட்டியில் படகே வலிக்காத பிள்ளைக்குத் துடுப்புப் போடும் மிஷினில் உட்காரவைத்து போட்டோ. வேறு யாரோ விளையாடுகிற வாட்டர் போலோ படத்தில் இவன் தலை! சினிமா நடிகைகள்கூட ஜெயிலுக்குப் போனார்கள். சிங்கருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை வருஷம் தண்டனை கிடைத்தது. காசு இருப்பவனுக்கு 'ஆக்டிவிட்டி' என்பது விலைக்குக் கிடைக்கிற பொருள். அதனால்தான், நம்ம ஊர் கவுன்சலிங்கில் கணக்கு நூறு, ஃபிசிக்ஸ் ஐம்பது, கெமிஸ்ட்ரி ஐம்பது, ஆக 200க்கு எவ்வளவு என்று பார்த்து வரிசையில் நிற்கவைக்கிறார்களே, அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அந்தக் கட்-ஆஃப்பில் யாரும் போட்டோ ஒட்டி ஏமாற்ற முடியாது. மில்லுக்காரர் பையனும் டாக்டர் பையனும் ஒரே வரிசை.

ஆனால் அந்த 200க்காக எல்லாவற்றையும் ப்ளஸ் ஒன்னிலேயே மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டுமா? அது வேறு கேள்வி. இங்கேயும் கதவுகள் திறக்க ஆரம்பித்திருக்கின்றன. பொறியியல் கவுன்சலிங்கில் விளையாட்டு ஒதுக்கீடு ரொம்ப நாளாகவே உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2024ல் விளையாட்டில் சாதித்தவர்களுக்கென்று ஒவ்வொரு பட்டப்படிப்பிலும் இரண்டு கூடுதல் இடம் ஒதுக்கியது, அதில் ஒன்று பெண்களுக்கு. அடுத்த வருஷமே இசை, நடனம் மாதிரி கலைகளுக்கும், அறிவியல் ஒலிம்பியாட் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வழி திறந்தது. உடனே துள்ளாதீர்கள். விளையாட்டு, கலை ஆட்களும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் ரேங்க் வாங்கியிருக்க வேண்டும். தேசிய அளவில் மெடல், அங்கீகாரம் மாதிரி கனமான சான்று வேண்டும். தெருமுனை டான்ஸ் கிளாஸ் ஆண்டு விழா ஷீல்டெல்லாம் ஷோகேஸுக்குத்தான்.

தம்பி கதைக்கு வருவோம். எட்டு இடத்துக்குப் போட்டான். விண்ணப்பக் கட்டணத்தை எல்லோருமே தள்ளுபடி செய்தார்கள், வருமானத்தைச் சொல்லிக் கேட்டால் செய்கிறார்கள். அந்த வருஷம் எஸ்.ஏ.டி. மார்க்கைப் பல கல்லூரிகள் கட்டாயமாக்கவில்லை என்பது அவனுக்கு வசதியாக இருந்தது. (2024லேயே டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்ட் எல்லாம் திரும்பக் கட்டாயமாக்கிவிட்டன. நீங்கள் போடுவதாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.) ஜனவரி முதல் தேதி கடைசி நாள். மார்ச் கடைசியில் ஒவ்வொன்றாக மெயில் வந்தது. ப்ளஸ் டூ பரீட்சை முடிந்து மில்லில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தான். ஏழு 'ஸாரி'. ஒரு சின்னக் கல்லூரி காத்திருப்போர் பட்டியலில் வைத்தது. ஜூனில் அதுவும் கை விரித்தது. வெளிநாட்டிலிருந்து, அதுவும் முழு உதவி கேட்டு வருகிற கூட்டத்தில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அது தெரிந்தேதான் இறங்கினோம். தெரிந்திருந்தாலும் வலிக்கத்தான் செய்தது. ஒரு வாரம் அவன் மில்லில் யாரிடமும் பேசவில்லை.

அப்புறம் நம்ம ஊர் கவுன்சலிங். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித ஒதுக்கீட்டில், 2024ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தது. படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டுகிறது. அங்கே மில்லைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. மீட்டர் நோட்டு கவுன்சலிங்குக்குத் தேவைப்படும் ஆவணங்கள் பட்டியலில் இல்லை! அப்பா மட்டும் அந்த நோட்டை விடவில்லை. தம்பி ஹாஸ்டலுக்குப் போன பிறகு அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீட்டர் பார்த்து எழுதுகிறார். எழுத்துதான் கோழி கிண்டியது மாதிரி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். ப்ளஸ் ஒன். கபடியில் ரெய்டு போனால் வெறும் கையோடு திரும்ப மாட்டாள் என்று தம்பி சொல்வான். மாவட்ட அணியில் எடுத்திருக்கிறார்கள். மாநிலப் போட்டி வெளியூரில் மூன்று நாள், அதே தேதியில் ஸ்கூலில் ரிவிஷன் டெஸ்ட். "டெஸ்ட்டை விட்டா அம்மா திட்டுது, மேட்ச்சை விட்டா பி.டி. மாஸ்டர் திட்டுறாரு. எதுக்குக்கா போக?" என்றாள்.

ரிவிஷன் டெஸ்ட் மார்க்கை எந்தக் கவுன்சலிங்கிலும், எந்த நாட்டிலும் கேட்கப் போவதில்லை. மாநிலப் போட்டிச் சான்றிதழை ஒதுக்கீட்டுக்குப் போனால் கேட்பார்கள். அதை அவள் அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். "தோத்துட்டு வந்தா?" என்றார் அம்மா. "தோத்தாலும் ஆடினதுக்குச் சான்றிதழ் உண்டு சித்தி" என்றேன். அரை மனசாகத் தலையாட்டினார்.

போனாள். காலிறுதியில் தோற்றுத் திரும்பினார்கள். முழங்காலில் சிராய்ப்பு. டெஸ்ட்டை அடுத்த வாரம் லைப்ரரியில் தனியாக உட்காரவைத்து எழுதவைத்தார்களாம்.